‘பழைய ரஹ்மான்’ யாருடையவர்?

பாட்டுக் கேட்கும் பழக்கமுள்ள எவரிடம் ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றிப் பேசினாலும் இப்போது ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கிறது. ‘நல்லாத்தான் இருக்கு. ஆனால் பழைய ரஹ்மான் இல்லை.’ நல்லூரில் நான் குடியிருக்கும் ஒழுங்கையிலும் இதே வாக்கியம், புத்தளத்தில் என் உறவினர் வீட்டிலும் இதே வாக்கியம். ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரு பாகங்களுக்குமான பாடல்கள் 2022இலும் 2023இலும் வெளிவந்தபோது இதை நான் எத்தனை பேரிடம் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பாடல்களைப் பற்றியது. அதைவிட, அந்த வாக்கியத்தைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தீர்ப்பு ரஹ்மானுக்கு மட்டும் உரியதல்ல. நீண்டகாலம் களத்தில் நிற்கும் எல்லா இசைக்காரர்களுக்கும் முதிர்ந்த காலத்தில் இது கிடைக்கிறது. ரோலிங் ஸ்ரோன்ஸ் என்ற ஆங்கில றொக் குழு 2005க்குப் பின்னர், பதினெட்டு வருடங்கள் கழித்து, 2023 ஒக்டோபரில் ‘ஹக்னி டயமண்ட்ஸ்’ என்ற பெயரில் தன் சொந்தப் பாடல்களைக் கொண்ட அல்பத்தை வெளியிட்டது. அதைப் பாராட்டியவர்கள்கூட, ‘இன்ன ஆண்டு அல்பத்துக்குப் பிறகு வந்தவற்றில் இதுதான் சிறந்தது’ என்ற வாய்பாட்டில்தான் பாராட்டினார்கள். எண்பது வயதை எட்டிய ஒரு பாடகர் இன்று என்ன பாடுகிறார் என்பது அங்கு கேள்வியாகவே எழவில்லை. பழைய ஆண்டு ஒன்றிலிருந்து அவர் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்று நாடா பிடித்து அளந்ததுதான் நடந்தது.

நமது வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான யூசுஃப் இஸ்லாம் இதற்குத் தன் வழியில் ஒரு பதில் சொன்னார். கற் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் 1970இல் அவர் வெளியிட்ட ‘டீ ஃபோர் த ரில்லர்மன்’ அல்பத்தை, ஐம்பது வருடங்கள் கழித்து, 2020இல் முழுவதுமாக மீண்டும் பாடி வெளியிட்டார். அதில் தந்தையும் மகனும் பேசிக்கொள்வதாக அமைந்த பாடலில் தந்தையின் பகுதியை எழுபது கடந்த தன் குரலில் பாடினார். மகனின் பகுதிக்கு, 1970இல் மேடையில் பதிவான தன் இளமைக் குரலையே பயன்படுத்தினார். ஒரே மனிதன் தன்னோடு தானே பேசுகிறான். ‘பழையவர் எங்கே?’ என்று கேட்டவர்களுக்கு இதைவிட நாகரிகமான மறுமொழி இருக்க முடியாது. பழையவரும் இங்கேதான் இருக்கிறார், ஆனால் இப்போது பேச வேண்டியது தந்தையின் முறை.

ரஹ்மானும் றொக் குழுக்களிலிருந்து வந்தவர்தான். சினிமாவுக்கு முன்னர் சிவமணி, சுரேஷ் பீற்றர்ஸ் போன்றவர்களோடு ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்ட் வாசித்தார். ‘நெமசிஸ் அவென்யூ’ என்றும் ஒரு குழு இருந்தது. குழுவில் வாசித்தவனுக்கு ஒரு பாடல் என்பது பாடகரும் பின்னணி வாத்தியங்களும் என்று இரண்டாகப் பிரிந்து கிடப்பதில்லை. பேஸ் கிற்றார் என்ன செய்கிறது, தாளம் எங்கே ஓய்கிறது என்பதும் பாட்டின் பொருளே. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது நம்மை உலுக்கியதும் இதுதான். ‘சின்னச் சின்ன ஆசை’யின் மெட்டு எளிமையானது. ஆனால் மின்மினியின் குரலுக்கு அடியில் ஓடிய பேஸ், கணினியில் கோத்த தாளம், ஒவ்வொரு ஒலியும் தனித்தனியே துலக்கமாகக் கேட்ட பதிவு ஆகியவை தமிழ்ச் செவிக்குப் புதியவை.

புதுமைக்கு ஒரு சங்கடம் உண்டு. அது ஒரு தடவைதான் நிகழும். ரஹ்மான் கொண்டுவந்த ஒலிப்பதிவு முறையை அடுத்த பத்து வருடங்களில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். விளம்பரங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், பிற இசையமைப்பாளர்கள் என எல்லாமே அந்த ஒலியில் பேசத் தொடங்கின. அவர் கண்டுபிடித்தது பொதுக் காற்றாகிவிட்டது. காற்றை யாரும் கவனிப்பதில்லை. ‘பழைய ரஹ்மான் இல்லை’ என்ற முறைப்பாட்டின் ஒரு பாதி, அவர் தோற்றதால் வந்ததல்ல, முற்றாக வென்றதால் வந்தது என்றே எனக்குப் படுகிறது.

மறுபாதி எங்களிடமிருந்து வந்தது. அதைச் சொல்ல மூன்று ரசிகர்களை அறிமுகப்படுத்த வேண்டும்.

முதலாமவர் என் அயலவர், நல்லூர்க்காரர், என் வயதுதான். ‘ரோஜா’ வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990 முதல் வருடக்கணக்கில் இல்லை. பற்றறிகள் தடைப்பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலில் திரிபோட்டு மண்ணெண்ணெய் விளக்கு எரித்தார்கள். பாட்டுக் கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தை ரேடியோவுக்கோ கசற் பிளேயருக்கோ கொடுத்தார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். கை களைத்தால் சுற்று குறையும், சுற்றுக் குறைந்தால் நாடா மெதுவாகும், நாடா மெதுவானால் பாடகியின் சுருதி இறங்கும். “எஸ்பிபி எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுருதியில பாடினவர்” என்று அவர் பகிடி விடுவார். மின்சாரம் திரும்பி வந்த பிறகு அதே பாடல்களைச் சரியான வேகத்தில் கேட்டபோது ஏதோ குறைவதாக அவருக்குப் பட்டதாம். குறைந்தது என்னவென்று யோசித்தால், சுற்றிய கையும் சுற்றியிருந்த ஆட்களும். அவர்களில் சிலர் கனடாவில், சிலர் இல்லை.

இரண்டாமவர் புத்தளத்திலிருக்கும் என் மாமி மகன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து சில மணி நேரத்துக்குள் புறப்பட்டன. 1992இல் நாங்கள் புத்தளத்துக்கு அருகே கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். அங்கே பற்றறி கடையில் கிடைத்தது, வாங்கக் காசுதான் இல்லை. ஆகவே ‘ரோஜா’வை நாங்கள் தேநீர்க் கடையில் கேட்டோம். பாட்டு முடியும்வரை நிற்க வேண்டுமானால் ஒரு பிளேன்ரீயாவது குடிக்க வேண்டும். என் மச்சானின் ‘பழைய ரஹ்மான்’ தேநீர்க் கடை வாசலில் கால்மாற்றி நின்று, கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடி கேட்ட ரஹ்மான். அந்த வயதில் ஊர் திரும்பும் ஆசையைத் தவிர வேறு சின்ன ஆசை எங்களுக்கு இருக்கவில்லை. அந்த ஆசைக்கு யாரோ மெட்டுப் போட்டிருந்ததாகவே அவர் இன்றும் பேசுவார்.

மூன்றாவது, என்னிடம் படித்த ஒரு மாணவன். இந்த நூற்றாண்டில் பிறந்தவன். அவனும் “பழைய ரஹ்மான் மாதிரி இல்ல சேர்” என்றான். எந்தப் பழைய ரஹ்மான் என்று கேட்டேன். ‘விண்ணைத் தாண்டி வருவாயா’, ‘எந்திரன்’ என்றான். இரண்டும் 2010இல் வந்தவை. அந்தப் பாடல்கள் வந்தபோது என் அயலவர் ‘பழைய ரஹ்மான் இல்லை’ என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள், மூவரும் குறிப்பது வெவ்வேறு ஆட்களை. இதில் முதலிருவரும் ஒரே ஊரில் பிறந்து ஒரே பாட்டை ஒரே ஆண்டில் கேட்டவர்கள். ஒருவர் மின்சாரம் இல்லாத ஊரில் இருந்தார், மற்றவர் ஊரே இல்லாமல் இருந்தார். ஒருவரின் ரோஜா மற்றவருக்குத் தெரியாது. முப்பது வருடங்களாக இருவரும் ரஹ்மானைப் பற்றிப் பேசினால் ஒத்துப்போய்விடலாம் என்றே தோன்றும். உண்மையில் அவர்கள் ஒத்துப்போவது ஒரு பெயரில் மட்டும்தான்.

பழைய பாடல் ஒன்றை நாம் மதிப்பிடும்போது, பாட்டோடு சேர்த்து அதைக் கேட்ட காலத்தையும் தராசில் போடுகிறோம். புதிய பாடலுக்கு அந்தப் பாரம் இல்லை. ஆகவே அது இலேசாகத்தான் நிற்கும். தராசு பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் நிறுத்தது இசையை மட்டுமல்ல.

*

இனி அந்தப் பாடல்கள்.

முதற்பாடலான ‘பொன்னி நதி’ 2022 ஜூலை 31 அன்று வெளிவந்தது. அந்த நாட்களை இலங்கையர் மறக்க மாட்டோம். பெற்றோல் வரிசை, மின்வெட்டு, ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிய மாதம். பழைய சைக்கிள்கள் மறுபடியும் தெருவுக்கு வந்திருந்தன. அடுத்த சில நாட்களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறி இருபத்தைந்து நாள் திருவிழாவும் தொடங்கியது. பெற்றோல் வரிசையில் நின்ற பையன்களின் கைத்தொலைபேசிகளில் இந்தப் பாட்டுத்தான். முதற்தடவை கேட்டபோது எனக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம், நான்காம் தடவைதான் பிடிபட்டது. இதில் ஒளித்துவைத்த அதிசயம் எதுவும் இல்லை. ரைஹானாவின் அழைப்பொலி, நாட்டார் சந்தம், பல ஆண்குரல்களின் சேர்க்கை, அதற்குள் பம்பா பாக்யாவின் அடித்தொண்டைக் குரல். ஒரு நீண்ட பயணத்தில் வழித்துணையாகப் பாடிக்கொண்டு போகும் பாட்டு. வழிநடைப் பாட்டு கேட்பவரை அசத்தக் கூடாது, கூட நடக்க வேண்டும். அது கூட நடக்கிறது. பம்பா பாக்யா படம் வெளிவர முன்னரே, செப்டெம்பர் தொடக்கத்தில் காலமாகிவிட்டார். அந்தக் குரல் இன்று கேட்கும்போது இன்னும் கனக்கிறது. ஆனால் அதுவும் தராசில் நாம் போடும் பாரம்தான் என்பதையும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

‘அலைகடல்’ இந்த இரு தொகுதிகளிலும் ஆகச் சிறந்தது என்பது என் கணிப்பு. இரவில் தனியே படகு வலிக்கும் பெண்ணின் பாட்டு, அந்தரா நந்தி பாடியது. இளமைக்கால ரஹ்மானிடம் இந்தக் காட்சியைக் கொடுத்திருந்தால் கடலை முழுவதுமாகக் கட்டியெழுப்பியிருப்பார். இங்கே அவர் கடலை நமது கற்பனைக்கே விட்டுவிட்டார். தாளம் முன்னுக்கு வருவதில்லை. குரல் படகுபோல ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்கிறது. கல்கியின் பூங்குழலி கோடியக்கரையிலிருந்து படகு வலிப்பவள். கோடியக்கரைக்கு எதிரே கடலின் இந்தப் பக்கம் எங்கள் வடமராட்சிக் கரை. இந்தக் கடலால் போனவர்களையும் போய்ச் சேராதவர்களையும் அறிந்த ஊரில் இந்தப் பாட்டு இந்தியாவில் கேட்பதுபோல் கேட்காது. படத்தில் பாடல்கள் துண்டு துண்டாகவே வருகின்றன என்ற குறையில் எனக்கும் உடன்பாடு உண்டு. இந்தப் பாட்டைக் காட்சியோடு பார்த்ததைவிட, விளக்கணைத்துக் கேட்டதே எனக்கு நிறைவு.

‘தேவராளன் ஆட்டம்’ வேறு வகை. வெறியாட்டுக்குரிய தாளக்கட்டும் பறைகளின் நெருக்கமும் கொண்டது. மெட்டைத் தேடுபவர் ஏமாறுவார். இது மெட்டால் நடக்கும் பாட்டல்ல. ‘அக நக’ பற்றி ரசிகர்களுக்கே பெருமை சேர வேண்டும். முதற்பாகத்தில் ஒரு சிறு துணுக்காக வந்ததை அவர்கள்தான் இனங்கண்டு முழுப்பாட்டாகக் கேட்டார்கள். சக்திஸ்ரீ கோபாலன் பாட, 2023இல் அது வந்தது. தீர்ப்புச் சொல்லும் ரசிகர்கள் அவசரப்படாமல் கேட்டால் எவ்வளவு நுட்பமாகக் கேட்பார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாம் பாகத்தில் ‘இளையோர் சூடார்’ இருக்கிறது. குடவாயில் கீரத்தனாரின் புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டு அது. வீரன் மாண்ட பிறகும் பூத்து நிற்கும் முல்லையிடம், சூட ஆளில்லாத ஊரில் நீ ஏன் பூக்கிறாய் என்று கேட்பது. சங்கப் பாடலுக்கு மெட்டமைக்கும்போது பலரும் அதைப் பள்ளிக்கூட விழாவாக்கிவிடுவார்கள். இங்கே அந்த விபத்து நிகழவில்லை. சொற்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. இளங்கோ கிருஷ்ணன் இப்படங்களுக்கு எழுதிய பாடல்களிலும் இதே ஒழுக்கத்தைக் காணலாம். சோழர் காலத்துக்கென்று அவர் செந்தமிழைச் சுமத்தவில்லை.

இனிக் குறைகள். ‘சோழா சோழா’ உரத்துப் பேசுகிறது. உள்ளுக்குள் காயம்பட்டவன் வெளியே வெற்றிக்கூச்சல் போடுவதுதான் காட்சியின் தேவை என்பது விளங்குகிறது. ஆனால் இசையில் கூச்சல் கேட்கும் அளவுக்குக் காயம் கேட்கவில்லை. ‘சொல்’ இனிமையானது, கேட்டு முடித்தவுடன் மறந்துபோகிறது. ‘வீரா ராஜ வீரா’ கட்டிடக்கலை போல நிமிர்ந்து நிற்கிறது, உள்ளே குடியிருக்க இடம் குறைவு. விழாவுக்காகச் செய்யும்போது ரஹ்மான் தளர்கிறார், விழா இல்லாத இடத்தில் எழுகிறார். இந்தத் தொகுதிகளைப் பற்றிய என் மதிப்பீட்டின் சாரம் இதுதான். முதற்பாகத்தின் பின்னணி இசைக்கு அவருடைய ஏழாவது தேசிய விருது கிடைத்தது. அந்த விருதும் அடங்கிய இசைக்கே போயிருக்கிறது என்பது தற்செயலாக இருக்கலாம்.

‘சோழா சோழா’வைப் பற்றி இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. திரையில் புலிக்கொடி பறக்கும்போது நல்லூரில் அது ஆயிரம் வருடத்துக்கு முந்திய கொடியாக மட்டும் தெரியாது. என் அயலவருக்கு அதில் பெருமையும் துயரமும் கலந்து எழுந்ததைக் கண்டேன். எனக்கு எழுந்தது வேறு. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பாட்டு நன்றாயிருக்கிறதா இல்லையா என்று மட்டும் பேசிக்கொண்டோம், இருவருமே ‘அவ்வளவு இல்லை’ என்றோம். ஒரு பாடலுக்குக் குறைந்த புள்ளி போடுவதன் மூலம் பேச முடியாத ஒன்றைத் தாண்டிப் போகவும் மனிதர்களுக்கு முடிகிறது. பாடல் மதிப்பீடு என்பது இங்கே சிலவேளை அயலுறவைக் காக்கும் வழியாகவும் இருக்கிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

*

நமது வட்டாரத்தில் ரஹ்மானை அளக்க இன்னொரு கோல் இருக்கிறது. அவர் எங்களுடையவரா என்பது அது. 2009 பெப்ரவரியில் இரண்டு ஒஸ்கார் விருதுகளைக் கையில் வைத்துக்கொண்டு ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று அவர் தமிழில் சொன்னபோது நாங்கள் குதூகலித்தோம். (அதே மாதத்தில் வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது என்பதால் என் அயலவருக்கு அந்த மேடை நினைவிலேயே இல்லை.) ‘க்வாஜா மேரே க்வாஜா’, ‘குன் ஃபயகூன்’ வந்தபோது மகிழ்ந்தோம். இரண்டாம் பாகத்தில் ஆண்டாளின் ‘ஆழி மழைக் கண்ணா’வும் ‘சிவோஹம்’ என்ற பாடலும் வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். ‘இவருக்கு ஏன் இது?’ என்று ஓர் இலக்கிய நண்பரே கேட்டார். பாட்டே கூடாது என்பவரின் ஆட்சேபம் வேறு, அது ஒரு மார்க்கக் கருத்து, அதை இங்கே விவாதிக்க நான் வரவில்லை. ஆனால் பாட்டை ஏற்றுக்கொண்டு, ஆண்டாளை மட்டும் ஏன் என்று கேட்பவர் தமிழ் இலக்கிய வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தைப் பாட எடுத்துக்கொண்டது அருணகிரிநாதர் முருகனுக்குப் பாடிய திருப்புகழின் சந்தத்தை. உமறுப்புலவர் சீறாவைத் தமிழ்க் காப்பிய மரபில்தான் நாட்டுப்படலம், நகரப்படலம் வைத்துப் பாடினார். குணங்குடி மஸ்தான் சாஹிபின் பாடல்களைத் தாயுமானவர் பாடல்களோடு சேர்த்துப் படித்தவர்கள் நமது பாட்டன்மார். அவர்கள் யாரும் சந்தத்தின் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. இன்று ரஹ்மான் செய்வது அந்த வழியின் தொடர்ச்சிதான், திசைமட்டும் மாறியிருக்கிறது.

‘வீரா ராஜ வீரா’ மீது எழுந்த வழக்கும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. துருபத் மரபின் டாகர் குடும்பத்தைச் சேர்ந்த உஸ்தாத் வாசிஃபுத்தீன் டாகர், தன் தந்தையும் தந்தையின் சகோதரரும் அமைத்த ‘சிவ ஸ்துதி’யை இப்பாடல் ஒத்திருக்கிறதென டெல்லி உயர் நீதிமன்றம் சென்றார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி டாகர் தரப்புக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு கொடுத்தார். செப்டெம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. சட்டத்தின் நியாயம் நீதிமன்றத்துக்குரியது. எனக்கு முக்கியமாகப்படுவது, வழக்கின் இரு பக்கத்திலும் முஸ்லிம் இசைஞர்கள், நடுவில் சிவனைத் துதிக்கும் பாட்டு. இந்தத் துணைக்கண்டத்தின் இசை வரலாறே இதுதான். அதற்குள் ‘எங்களுடையவர்’ என்று கோடு கிழிக்கப் புறப்பட்டால் கோல்தான் முறியும்.

ஆக, பழைய ரஹ்மான் என்ற கோலும், எங்கள் ரஹ்மான் என்ற கோலும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. இரண்டுமே கலைஞரை ஓர் உடைமையாகப் பார்க்கின்றன. ஒன்று அவரை என் இளமைக்குச் சொந்தமாக்குகிறது, மற்றது என் சமூகத்துக்கு. அவர் இன்று என்ன செய்திருக்கிறார் என்ற கேள்வி இரண்டிலும் நழுவிப்போகிறது.

2025இல் ‘தக் லைஃப்’ படத்தின் ‘முத்த மழை’ பாடலுக்கு நடந்ததும் இதற்கு உதாரணம். படத்துக்காகத் தமிழில் பாடியவர் தீ. பாடல் வெளியீட்டு மேடையில் அவருக்குப் பதிலாகச் சின்மயி பாடினார். சில நாட்களுக்குள் மேடைப் பதிவுதான் பெரும் பேச்சாயிற்று. சின்மயி அருமையாகப் பாடினார் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த வரவேற்புக்குள் 2002இன் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ‘ஒரு தெய்வம் தந்த பூவே’ பாடிய பெண்ணும் இருந்தாள். எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டு இன்னும் விசேஷம். போர்நிறுத்த உடன்படிக்கை வந்த ஆண்டு, ஏ-9 பாதை திறந்த ஆண்டு, எங்களில் பலர் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு சோனகத் தெருவின் இடிந்த வீடுகளைப் பார்க்க வந்த ஆண்டு. வந்த வானில் அந்தப் படத்தின் பாடல்கள்தான் ஓடின. இந்த நினைவோடு தீயின் குரலை எடைபோட நான் தகுதியானவனா? தீ பாடியதை நினைவுகள் இல்லாத என் மாணவன் எனக்குப் பொறுமையாகக் கேட்கவைத்தான். அந்தக் குரலின் கரகரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறதென்று அவனால்தான் விளங்கியது.

நினைவுகளைக் கழற்றிவிட்டு வெறுஞ்செவியோடு கேளுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அது நடக்காது, நடந்தால் நல்லதுமல்ல. டைனமோ சுற்றிய கையை என் அயலவர் ஏன் மறக்க வேண்டும்? நான் கேட்பது சிறிய ஒன்று. தீர்ப்புச் சொல்லும்போது எந்தப் பாகம் பாட்டுக்கு, எந்தப் பாகம் எனக்கு என்று பிரித்துச் சொல்லும் நேர்மை. ‘இது ரோஜாபோல் என்னை அசைக்கவில்லை’ என்பது என்னைப் பற்றிய உண்மை. ‘இது ரோஜாவைவிடத் தாழ்ந்த இசை’ என்பது பாட்டைப் பற்றிய கூற்று, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நாம் முதலாவதை உணர்ந்துவிட்டு இரண்டாவதை எழுதுகிறோம்.

இதை இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இசையில் செய்யும் இதே அநியாயத்தை நாம் எழுத்திலும் செய்கிறோம். முப்பது வருடமாக எழுதும் கவிஞர் ஒருவரின் புதிய தொகுதி வந்தால், ‘முதல் தொகுதியின் வீச்சு இல்லை’ என்று இரண்டு வரியில் முடிக்கிறோம். முதல் தொகுதி வந்தபோது நாம் அகதி முகாமில் இருந்தோம், அந்தக் கவிதை எங்கள் பசிக்கும் கோபத்துக்கும் வாயாக இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபாவின் முதுமைக் குரலைப் பற்றியும் இப்படித்தான் பேசினோம். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் கேட்ட அந்த வெண்கலக் குரலோடு ஒப்பிட்டு, மூச்சு வாங்குகிறது என்றோம். இறைவனிடம் கையேந்தச் சொல்லும் ஒரு பாட்டுக்கு, மூச்சு வாங்கும் கிழவரின் குரல் இளைஞனின் குரலைவிடப் பொருந்திப்போகக் கூடும் என்று எத்தனை பேர் எழுதினோம்? 2015இல் அவர் மறைந்த பிறகு எல்லோரும் இரங்கற் கட்டுரை எழுதினோம்.

என் மதிப்பீட்டை யாராவது புள்ளியாகக் கேட்டால் சொல்கிறேன். ‘பொன்னியின் செல்வன்’ இரு பாகங்களிலும் ஐந்து பாடல்கள் நிற்கும். பொன்னி நதி, அலைகடல், தேவராளன் ஆட்டம், அக நக, இளையோர் சூடார். மற்றவை படத்தோடு போகும். முப்பது வருடங்கள் ஓய்வில்லாமல் உழைத்த, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவரிடமிருந்து புதிதாக ஐந்து பாடல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் இரண்டு, 1992இல் அவரால் செய்திருக்க முடியாதவை. அப்போது அவருக்கு எல்லாவற்றையும் நிரப்பத் தெரிந்திருந்தது, எதை வெறுமையாக விடலாம் என்பது பின்னர் தெரிய வந்தது. அதற்கு அவருக்கு முப்பது வருடங்கள் தேவைப்பட்டன. கேட்பதற்கு நாமும் அதில் கொஞ்ச நேரத்தையாவது கொடுக்கலாம்.